நிலவை எடுத்தது யார்?

2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குச் சரியாக விடியவில்லை. கலிஃபோர்னியாவின் காடுகளில் எரிந்துகொண்டிருந்த தீயின் புகை, கடலிலிருந்து எழுந்த மூடுபனிக்கு மேலே வந்து கூரைபோல நின்றுவிட்டது. சூரிய ஒளியிலிருந்த நீலத்தைப் புகை வழியிலேயே வடிகட்டிவிட, தரைக்கு வந்து சேர்ந்தது ஆரஞ்சு மட்டும்தான். பகலிலும் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. இப்படியொரு வானத்தைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகச் செல்போனுக்குப் போகும். எடுத்தார்கள். பலருடைய போன்களிலும் வந்த படத்தில் வானம் சாம்பல் நிறமாக, ஏதோ மழைக்கு முந்தைய மந்தாரம்போல இருந்தது. எதிரே நெருப்பு நிறம், கைத்திரையில் மந்தாரம். வெள்ளைச் சமநிலையைக் கையால் பூட்டிவைக்க வசதியுள்ள செயலிகளைத் தேடி இறக்கிய பிறகே வானம் படத்திலும் ஆரஞ்சானது.

போன் பழுதாகவில்லை. கற்றுக்கொடுத்ததைக் கச்சிதமாகச் செய்தது. பழைய குண்டு பல்பின் கீழே நிற்பவரின் வெள்ளைச் சட்டை உண்மையில் மஞ்சளாகத்தான் ஒளிவிடுகிறது. நம் மூளை அதைத் திருத்தி ‘வெள்ளை’ என்று சொல்லிவிடுகிறது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளைச் சமநிலையைக் கேமராவே அமைப்பது, அந்தத் திருத்தத்தைக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் ஏற்பாடு. அதன் எளிய வடிவம் இப்படி ஊகிக்கிறது: ஒரு காட்சியிலுள்ள நிறங்களையெல்லாம் கலக்கினால் சராசரியாகச் சாம்பல் வரவேண்டும், வராமல் ஒரு நிறம் தூக்கலாக இருந்தால் அது விளக்கின் குறை, நீக்கிவிடு. அறைகளுக்குள் பெரும்பாலும் பலிக்கும் ஊகம். ஊரே ஆரஞ்சாக நிற்கும்போது அது அந்த ஊரையே குறையாக எண்ணிக் கழுவிவிடுகிறது.

பகல் வெளிச்சத்துக்கென்று, அதாவது சுமார் 5,500 கெல்வின் நிற வெப்பநிலைக்கென்று தயாரான ஒரு சாதாரணக் கலர் ரோல் அன்று ஒரு பழைய கேமராவில் கிடந்திருந்தால், வானம் ஆரஞ்சாகவே பதிந்திருக்கும். அந்தக் கேமராவுக்குக் கூடுதலாக எதுவும் தெரியும் என்பதால் அல்ல. எதுவுமே தெரியாது என்பதால்.

கையால் இயக்கும் எளிய கேமராவா, தானே எல்லாம் செய்யும் கேமராவா என்ற பேச்சு வந்தாலே அது சீக்கிரத்தில் ஆன்மா, பொறுமை, கைவினை, ஷட்டரின் இனிய ஓசை என்று போய்விடும். எனக்கு அந்தப் பேச்சில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. படத்தில் அது பதிவதில்லை. கேட்க வேண்டியது வேறு. ஒரு படம் உருவாகும்போது எடுக்கப்படும் முடிவுகளில் எது யாருடையது? ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்பதாவது கேமராவைப் பிடித்திருப்பவருக்குத் தெரிகிறதா?

முடிவு முழுக்க மனிதரின் தலைக்குள் இருந்ததற்குப் புகைப்பட வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1941இன் இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் சாமா பள்ளத்தாக்கில் அலைந்துவிட்டுச் சாண்டா ஃபே நோக்கிக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். சாலையோரம் எர்னாண்டஸ் என்னும் சிற்றூர். கிழக்கே நிலவு எழுந்துவிட்டது. மேற்கே இறங்கும் சூரியனின் கடைசி வெயில் ஊர்க் கல்லறையின் வெள்ளைச் சிலுவைகளில் பட்டுக்கொண்டிருந்தது. காரை ஒதுக்கி நிறுத்தி, எட்டுக்குப் பத்து அங்குலப் பெரிய கேமராவை முக்காலியில் ஏற்றிவிட்டார். லைட் மீட்டரைத்தான் காணோம். வெயிலோ சில நொடிகளில் போய்விடும்.

அவருக்கு ஓர் எண் நினைவுக்கு வந்தது. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில். நிலவு என்பது வெயிலில் கிடக்கும் ஒரு பாறை. அதே சூரியன், ஏறத்தாழ அதே தூரம் என்பதால் அந்த எண் அதிகம் மாறாது. மீதியெல்லாம் மனக்கணக்கு. பிலிமின் வேகம் 64, அதன் வர்க்கமூலம் 8. லென்ஸ் துளையை எஃப்/8இல் வைத்து 1/250 நொடி கொடுத்தால் அந்த ஒளிர்வு நடுச்சாம்பலாகப் பதியும் என்பது அவர் கையாண்ட சூத்திரம். நிலவு சாம்பலாக வரக்கூடாது, வெளுத்துத் தீய்ந்தும் போகக்கூடாது. ஆகவே இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், கூட்டி 1/60. அடர்மஞ்சள் ஃபில்டருக்கு மூன்று மடங்கு வேண்டும்; 1/20 ஆயிற்று. கிட்டத்துப் புதரும் தொலைவுப் பனிமலையும் சேர்ந்து தெளிவாக வரத் துளையை எஃப்/32க்குச் சுருக்கினால் இன்னும் பதினாறு மடங்கு. ஒரு நொடி என்று வைத்து எடுத்தார். தட்டைத் திருப்பி இரண்டாவது நெகட்டிவுக்கு முயல்வதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் அணைந்துவிட்டது.

எக்ஸ்போஷரை இவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருந்தவர் தேதியைக் கோட்டைவிட்டார். அந்தப் படத்துக்கு அவரே வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லியிருக்கிறார். கடைசியில் வானியலாளர்கள் படத்திலிருக்கும் நிலவின் இடத்தைக் கொண்டே கணக்குப் போட்டார்கள். முதலில் ஒருவர் அக்டோபர் 31 என்றார், பிறகு 1991இல் டென்னிஸ் டி சிக்கோ அதைத் திருத்தி 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று நிறுவினார். நிலவு சரியான இடத்தில் சரியான அளவில் இருந்ததால்தான் அது முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு நிலவு வரப்போகிறது.

எல்லோரும் ஆடம்ஸ் ஆக முடியாது. எளிய கேமரா என்று நான் சொல்வது அதற்கு ஒரு படி கீழே, சாதாரண மனிதர் பிடிக்கக்கூடியது. பென்டாக்ஸ் கே1000 அதற்குச் சரியான மாதிரி. 1976இல் வந்து 1997 வரை விற்பனையில் இருந்தது. முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் புகைப்பட வகுப்புக்குப் போன மாணவர் கையில் முதலில் வந்துசேர்ந்த கேமரா பெரும்பாலும் இதுதான். மேலே வலப்பக்கம் ஒரு சக்கரம்: ஒரு நொடியிலிருந்து 1/1000 நொடி வரை, கூடவே விரல் எடுக்கும்வரை திறந்திருக்கும் ‘பி’. சக்கரத்தின் விளிம்பைத் தூக்கித் திருப்பினால் உள்ளே சின்ன ஜன்னலில் பிலிமின் வேகம் மாறும். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் துளைக்கு, இன்னொன்று ஃபோக்கஸுக்கு. கண்ணை வைத்துப் பார்த்தால் வலது ஓரத்தில் மெல்லிய ஒரு முள் ஆடிக்கொண்டிருக்கும். முள் கிடைமட்டமாக நின்றால் கணக்குச் சரி. அவ்வளவுதான் மொத்தக் கருவியும். தானே எடுக்கும் டைமர்கூடக் கிடையாது. மீட்டரை அணைக்க விசையும் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பேட்டரி மிஞ்சும். பேட்டரி செத்தால் முள் மட்டும்தான் சாகும், ஷட்டர் சுருள்வில்லில் ஓடுவதால் கேமரா வேலை செய்துகொண்டே இருக்கும்.

அந்த முள் ஒரு பெரிய அசடு. எதைப் பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியாது. வருகிற வெளிச்சம் எதுவானாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பலாக்க என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். சுண்ணாம்பு அடித்த சுவரோரம் வெள்ளை வேட்டியில் ஒருவரை நிறுத்துங்கள்; முள்ளைக் கேட்டு எடுத்தால் சுவரும் வேட்டியும் அழுக்கேறிப்போய், ஆள் முகம் கரியாகிவிடும். அரையிருட்டு மண்டபத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிய கருங்கல் நந்தியை எடுங்கள். அதே முள் அதை வெளுத்த சிமெண்டு நந்தியாக்கும். முதல் படத்துக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும், இரண்டாவதற்கு அந்த அளவு குறைக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் எவரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சில ரோல் வீணாக்கியவர்கள் எல்லோரும் இதைக் கற்றுக்கொண்டார்கள். முள் ஆலோசனை சொல்லும். அதற்குக் கை கிடையாது. மறுத்துச் செய்ய நாம் எதையும் அணைக்கவோ எந்தப் பட்டியலுக்குள்ளும் நுழையவோ தேவையில்லை, வளையத்தை இரண்டு சொடுக்குத் திருப்பினால் போதும்.

முள்ளுக்குக் கை முளைத்தது எப்போது? 1938இல் கோடாக் சூப்பர் சிக்ஸ்-20 என்ற கேமராவில் செலினியம் செல்லைக் கொண்டு லென்ஸ் துளையைத் தானே அமைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. விலை 225 டாலர், ஒரு சிலர்தான் வாங்கினார்கள், தயாரானதும் ஆயிரத்துக்குக் குறைவே. பரவலான ஆட்டோமேட்டிக் 1959இன் ஆக்ஃபா ஆப்டிமாவிலிருந்து தொடங்குகிறது. அதன் வழிவந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒலிம்பஸ் ட்ரிப் 35. 1960களின் கடைசியில் வந்து 1984 வரை தயாரானது. இதற்குப் பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றி நிறையக் குமிழ்களுடன் ஒரு கண்ணாடி வளையம் இருக்கும். அதன் பின்னால் இருக்கும் செலினியம், விழும் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஒரு முள்ளை நகர்த்தும். பட்டனை அழுத்தும்போது படிப்படியாக வெட்டிய ஒரு தகடு எழுந்து அந்த முள்ளை நின்ற இடத்திலேயே கவ்வும். எந்தப் படியில் கவ்வியதோ அந்த அளவுக்குத் துளை திறக்கும். ஷட்டரில் இரண்டே வேகம், 1/40, 1/200. வெளிச்சம் போதாவிட்டால் வ்யூஃபைண்டருக்குள் சிவப்பாக ஒரு சிறு கொடி எழும்பிப் பட்டன் அழுந்தாமல் பூட்டிக்கொள்ளும்.

அந்தச் சிவப்புக் கொடிக்காகத்தான் ட்ரிப்பைப் பற்றி இவ்வளவு சொன்னேன். எக்ஸ்போஷரைப் பொறுத்தவரை இது முழு ஆட்டோமேட்டிக் கேமராதான். ஆனாலும் தன்னால் முடியாததை ‘முடியாது’ என்று சொல்கிறது. அதன் அறிவு எங்கே இருக்கிறது என்று கழற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும், முள்ளும் தகடுமாக. ‘கையால் இயக்குவது நேர்மை, தானியங்கி பொய்’ என்று கோடு கிழிப்பவர்கள் இந்தக் கேமராவை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று தெரியவில்லை. நம் நாட்டில் பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III பெட்டிக் கேமராவும் கிட்டத்தட்ட இதே குணமுடையது. வெயில், மேகம் என்று பார்த்து ஒரு நெம்பைத் தள்ளுவதைத் தவிர எடுப்பவருக்கு வேலை இல்லை. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். மற்றதைக் கருப்பு வெள்ளைப் பிலிமின் சகிப்புத்தன்மை பார்த்துக்கொண்டது. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் தயாரித்த ‘இந்து’ பிலிமும் அப்படி ஒன்று இரண்டு ஸ்டாப் தவறுகளைப் பொறுத்துக்கொண்டதுதான். எளிமை என்பது எப்போதும் கை வேலை என்று பொருள்படாது.

பெரிய மாற்றம் வேறோர் இடத்தில் நடந்தது; சத்தமில்லாமல் நடந்தது. 1983இல் நிக்கான் எஃப்ஏ கேமராவின் மீட்டர் காட்சியை ஐந்து கூறுகளாகப் பிரித்துப் பார்த்தது. மேலே பிரகாசம், நடுவே இருட்டு என்றால் ‘பின்னால் வானம், முன்னால் ஆள்’ என்று ஊகித்து ஆளுக்கு ஏற்ற அளவைக் கொடுத்தது. முள் அதுவரை வெளிச்சத்தை மட்டுமே அளந்தது. இப்போது காட்சியைப் படிக்க ஆரம்பித்தது. 1996இல் வந்த நிக்கான் எஃப்5 இன்னும் ஒரு படி போனது. 1,005 புள்ளிகள் கொண்ட நிறமறியும் சென்சார் காட்சியைப் பார்க்கும். கேமராவுக்குள் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உண்மையான புகைப்படங்களிலிருந்து திரட்டிய எக்ஸ்போஷர் தகவல் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யும். அற்புதமான மீட்டர், சந்தேகமே இல்லை. ஆனால் கவனியுங்கள்: வேட்டிக்கும் நந்திக்கும் இடையில் முடிவெடுப்பது இப்போது எனக்கு முன்னால் இருக்கும் வெளிச்சம் மட்டுமல்ல, வேறு யாரோ எங்கேயோ எடுத்த முப்பதாயிரம் படங்களும்தான். அவற்றில் எத்தனை வேட்டி, எத்தனை நந்தி?

இது வெறும் வாதத்துக்கான கேள்வி என்று நினைப்பவர்களுக்குப் பிலிமின் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிலிமும் கறைபடாதது அல்ல. கலர் பிரிண்டின் நிறம் சரியா என்று பார்க்க அமெரிக்க லேப்களில் கோடாக் அனுப்பிய ஒரு மாதிரி அட்டை இருந்தது. அதில் இருந்தவர் வெள்ளைத்தோல் பெண். முதலில் அதற்கு நின்ற கோடாக் ஊழியரின் பெயரால் அது ஷர்லி அட்டை என்று அழைக்கப்பட்டது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் விவரமில்லாத நிழல்களாயின. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கோடாக் பழுப்பு நிறங்களின் வீச்சைத் திருத்த முனைந்ததற்கு ஒரு காரணம் மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்களின் புகார் என்று அவர் எழுதும் இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. எண்பதுகளின் நம் கல்யாண ஆல்பங்களைத் திறந்து பாருங்கள். வெள்ளைச் சட்டைக்கு மேலே மாப்பிள்ளையின் முகம் கறுப்புத் திட்டாக நிற்கும் படங்கள் குறைவா என்ன? எடுத்தவர் கேமராவைக் கையால்தான் இயக்கியிருப்பார். பிலிமுக்குள்ளேயே எடுக்கப்பட்டுவிட்ட முடிவுக்கு அவருடைய வளையங்கள் எட்டவில்லை.

ஆட்டோஃபோக்கஸ் விஷயத்தில் நான் கட்சி மாறிவிடுவேன். 1977இல் கோனிகா சி35 ஏஎஃப் என்ற சிறு கேமரா, ஹனிவெல் நிறுவனத்தின் நுட்பத்தோடு, தானே ஃபோக்கஸ் செய்வதைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1985இல் மினோல்டா 7000 அதை எஸ்எல்ஆர் கேமராவின் உடலுக்குள் வைத்துத் தொழிலையே புரட்டிப்போட்டது. அதன் பலனாகக் காப்புரிமை வழக்கில் ஹனிவெல்லிடம் 1992இல் தோற்று, 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து மினோல்டா கணக்கைத் தீர்த்ததும் நடந்தது. ஓடும் குழந்தையையும் பந்தை விரட்டும் ஆட்டக்காரரையும் கண் இமைக்காமல் துரத்திப் பிடிக்கும் வேலையைக் கருவிக்கு விட்டுக்கொடுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை என்பது என் கட்சி. காரணம், அது தவறினால் தவறு கண்ணில் அடிக்கும். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கும் பாட்டியை எடுத்தால் கம்பி தெளிவாகவும் பாட்டி மங்கலாகவும் வருவார். அங்கே இல்லாத ஒருவர்கூடப் படத்தைப் பார்த்தவுடன் ‘தப்பாகிவிட்டது’ என்பார். சான் பிரான்சிஸ்கோவின் சாம்பல் வானத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. அது நன்றாக எடுத்த ஒரு மந்தார நாளின் படம்போலவே இருக்கும். தவறு தெரியாத இடத்தில்தான் தானியங்கி ஆபத்தாகிறது.

வேகத்துக்கு ஆட்டோஃபோக்கஸ் தவிர்க்க முடியாதது என்பதும் முழு உண்மையில்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/8இல் வைத்து, ஃபோக்கஸ் வளையத்தை ஐந்து மீட்டரில் நிறுத்தினால் ஏறத்தாழ இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவில் இருக்கும். அதற்குப் பிறகு தெருவில் ஃபோக்கஸ் செய்யும் வேலையே இல்லை. எந்த மோட்டாரும் இந்த வேகத்தை வெல்ல முடியாது. தெருவில் கையால் ஃபோக்கஸ் செய்து எடுத்தவர்கள் காலங்காலமாகக் கையாண்ட வழி இது. 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா என்னும் சிறு கேமராவை நம்பி ஒரு தலைமுறையே தெருவில் இறங்கியது.

இப்படிச் சொன்னவுடன் அந்தத் தலைமுறையின் மகத்தான படங்களைக் காட்டிக் கையியக்கக் கேமராவுக்கு மாலை போடுவது வழக்கம். ஆனால் ஜப்பானின் டைடோ மோரியாமா தோக்கியோவின் சந்துகளை ரிக்கோ ஜிஆர் போன்ற, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கேமராக்களால் எடுத்துக் குவித்திருக்கிறார். தெருப் புகைப்படத்தில் அவரளவு தாக்கம் செலுத்தியவர்கள் சிலரே. 1984இல் ஸ்டீவ் மெக்கரி பாகிஸ்தானின் அகதி முகாமில் எடுத்த பச்சைக் கண் சிறுமியின் படம் பேட்டரி இல்லாமலும் இயங்கும் நிக்கான் எஃப்எம்2இல் பதிவானது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கேமராவைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. நல்ல படத்தையும் மட்டமான படத்தையும் பிரிக்கும் கோடு இந்த வழியாகப் போகவில்லை.

தத்துவவாதி வில்லெம் ஃப்ளூசர் 1983இல் புகைப்படத்தின் தத்துவம் குறித்து எழுதிய சிறு நூலில் கேமராவைத் தனக்குள் ஒரு நிரலைக் கொண்ட சாதனமாகப் பார்த்தார். அந்த நிரல் அனுமதிக்கும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்பவர்களே பெரும்பாலோர் என்பதும், நிரலுக்கு எதிராக ஆடுபவரே உண்மையான புகைப்படக்காரர் என்பதும் அவர் வாதம். அவர் எழுதிய காலத்தில் நிரல் என்பது ஏறக்குறைய உவமைதான். இன்று அது சொல்லுக்குச் சொல் உண்மை.

போனில் பட்டனைத் தொடும்போது ஒரு படம் எடுக்கிறோம் என்று நினைக்கிறோம். கேமரா செயலியைத் திறந்த நொடியிலிருந்தே போன் படச்சட்டங்களை எடுத்துத் தற்காலிக நினைவில் வைத்து, பழையதை அழித்துக்கொண்டே இருக்கிறது. நாம் தொட்டதும் தொட்ட கணத்துக்கு முன்னால் எடுத்தவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. கூகிள் கொண்டுவந்த எச்டிஆர்+ முறை, வேண்டுமென்றே சற்று இருட்டாக எடுத்த பல சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சேர்த்து, இரைச்சலைக் குறைத்து, நிழல்களைத் தூக்கிவிடுகிறது. ஆப்பிள் 2019இல் அறிவித்த டீப் ஃப்யூஷன் ஒன்பது சட்டங்களைக் கலக்கிறது. கடுகளவு சென்சாரிலிருந்து இவ்வளவு நல்ல படம் வருவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். இல்லாவிட்டால் இரவில் எடுத்த எதுவும் தேறாது. ஒரு சட்டத்தின் இடத்தில் ஒன்பது என்பதில் எனக்குப் புகார் இல்லை. ஒன்பதும் எனக்கு முன்னால் இருந்த வெளிச்சத்திலிருந்தே வந்தவை.

2023இல் கூகிள் பிக்சல் 8 போனில் வந்த வசதி, குழுப்படத்தில் கண்ணை மூடியவரின் முகத்துக்கு வேறொரு சட்டத்திலிருந்து கண் திறந்த முகத்தை எடுத்து வைக்கும். அவர் முகம்தான், அந்த இடம்தான், அந்தக் கணம் மட்டும் இல்லை. பதிவுக்கும் புனைவுக்கும் இடையிலான கோடு இங்கே மெலிகிறது.

அதே 2023 மார்ச்சில் அது அறுந்தது. சாம்சங் தன் உயர்விலைப் போன்களில் நூறு மடங்கு ஜூம் வைத்து நிலவைப் படம் பிடிக்கலாம் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. ஒரு பயனருக்குச் சந்தேகம் வந்தது. நிலவின் தெளிவான படம் ஒன்றை எடுத்து, அதை 170க்கு 170 புள்ளி அளவுக்குச் சுருக்கி, மேலும் மங்கலாக்கி, பள்ளமும் மேடும் அறவே தெரியாத ஒரு வெள்ளை வட்டமாக்கினார். அதைக் கணினித் திரையில் வைத்து, அறையை இருட்டாக்கி, தூரத்திலிருந்து சாம்சங் போனால் எடுத்தார். போன் கொடுத்த படத்தில் பள்ளங்கள் இருந்தன. திரையில் இல்லாத விவரம். நிறுவனம் விளக்கம் வெளியிட்டது: காட்சியில் நிலவு இருப்பதைச் செயற்கை நுண்ணறிவு அறிந்துகொண்டு, விவரத்தை மேம்படுத்துகிறது; வேண்டாதவர்கள் அந்த வசதியை அணைத்துக்கொள்ளலாம்.

ஆடம்ஸுக்கும் நிலவைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருந்தது. இந்தப் போனுக்கும் தெரிந்திருக்கிறது. எர்னாண்டஸில் அந்த அறிவு ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பிலிமில் விழுந்தது அந்த மாலையின் நிலவு. அதனால்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் அதிலிருந்து நாளையும் நிமிடத்தையும் எடுக்க முடிந்தது. போனில் அறிவே படமாகிவிடுகிறது. பூமியிலிருந்து நிலவின் ஒரே முகம்தான் தெரியும், ஆகவே யார் எடுத்தாலும் பள்ளங்கள் ‘சரியாகவே’ இருக்கும் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அப்படியானால் படம் எதற்கு?

இந்த இடத்தில் ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி உண்டு. ஆடம்ஸ் மட்டும் என்ன வாழ்ந்தார்? அந்த நெகட்டிவின் முன்பகுதி மெலிந்திருந்ததால் 1948இல் அதை ரசாயனத்தில் நனைத்து அடர்வாக்கினார். பிரிண்டு போடப்போட, பத்தாண்டுக்குப் பத்தாண்டு வானத்தை மேலும் மேலும் கருப்பாக்கினார். இன்னும் பின்னால் போனால், 1858இல் தஞ்சாவூரையும் மதுரையையும் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் தன் காகித நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் வரைந்தவர். அந்தக் கால ரசாயனத்துக்கு நீலம் அளவுக்கு மீறி உறைக்கும் என்பதால் வானம் வெறும் வெள்ளைத் தாளாக வந்தது. மெழுகிட்ட காகிதத்தின் பின்பக்கம் நிறம் பூசி அதில் மேகங்களை மிதக்கவிட்டார். பெரிய கோயில் விமானத்துக்கு மேலே நிற்கும் அவை அன்றைய தஞ்சாவூர் மேகங்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஆனால் மேகத்தை வரைந்தது தான்தான் என்று ட்ரைப்புக்குத் தெரியும். நெகட்டிவைத் திருப்பிப் பார்க்கும் ஆய்வாளருக்கும் தெரியும், தூரிகைத் தடம் அங்கேயே இருக்கிறது. ஆடம்ஸ் எந்த மூலையை எவ்வளவு கருப்பாக்கினார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். முடிவுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, ஒரு தடயம் உண்டு. மொட்டை மாடியில் நின்று நிலவை எடுத்துப் பெருமையாக அனுப்பியவருக்கு, தான் என்ன முடிவெடுத்தோம் என்பதோ தன் சார்பில் என்ன முடிவெடுக்கப்பட்டது என்பதோ தெரியாது. அவர் ஏமாற்றவில்லை. ஏமாந்தார் என்று சொல்வதும் கூடக் கொஞ்சம் அதிகம். அவருக்கு நல்ல படம் கிடைத்தது. சிவப்புக் கொடி எழும்பியிருக்க வேண்டிய இடத்தில் அழகான ஒரு நிலா எழும்பியது.

போன்களிலும் கையியக்க முறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் தனித்தனியாக வைக்கலாம். ஆனால் அது எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பது போனுக்குப் போன் வேறுபடும். ஆப்பிள் 2020இல் தொழில்முறையாளர்களுக்கென்று கொடுத்த ப்ரோரா கோப்புகூடப் பல சட்டங்களைச் சேர்த்த பிறகு கிடைப்பதுதான். 2024 ஆகஸ்டில் ஹாலைட் என்ற ஐஃபோன் செயலி ‘ப்ராசஸ் ஜீரோ’ என்றொரு முறையைக் கொண்டுவந்தது. ஒரே சட்டம், கலப்பு இல்லை, செயற்கை நுண்ணறிவு இல்லை. ஒன்றும் செய்யாமலிருப்பதற்கென்றே ஒரு செயலியை உழைத்து எழுத வேண்டிய காலம் இது. படங்கள் பகலில் இயல்பாக இருக்கின்றன; இரவில் மணல் தூவியதுபோல இருக்கின்றன. கடுகளவு சென்சார் உண்மையில் எவ்வளவுதான் பார்க்கிறது என்பதை அந்த மணல் காட்டிக்கொடுக்கிறது.

இன்னொரு பக்கம் பிலிம் கேமராக்களே திரும்பி வருகின்றன. நிறுத்திப் பல ஆண்டுகளான எம்6 கேமராவை லைக்கா 2022இல் மறுபடியும் வெளியிட்டது; விலையைப் பார்த்தால் நம்மில் பலருக்கு அது செய்தி மட்டுமே. கே1000ஐச் செய்த பென்டாக்ஸ் 2024இல் பென்டாக்ஸ் 17 என்று புத்தம்புதுப் பிலிம் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டை விரலால் நெம்பை இழுத்துத்தான் பிலிமைச் சுற்ற வேண்டும். பிலிமின் பாதிச் சட்டத்தில் ஒரு படம். 36 படம் வரும் ரோலில் 72 எடுக்கலாம். ஃபோக்கஸுக்கு ட்ரிப்பில் இருந்ததைப்போலத் தலை, ஆட்கள், மலை என்று சின்னங்கள். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். எக்ஸ்போஷரை மட்டும் கேமராவே பார்த்துக்கொள்ளும். கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம் கொடுத்திருக்கிறார்கள், அது ஆறுதல். ஷட்டர் வேகத்தையும் துளையையும் நாமாகத் தேர்ந்தெடுக்க வழியில்லை. இளைஞர்களுக்குக் கையால் செய்யும் இன்பம் வேண்டும், ஆனால் ரோல் வீணாகக் கூடாது என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போலும். என்னைக் கேட்டிருந்தால் நேர் எதிராகச் செய்யச் சொல்லியிருப்பேன்: ஃபோக்கஸை மோட்டாரிடம் கொடுத்துவிடுங்கள், அந்த முள்ளை எனக்குக் கொடுங்கள்.